அயர்லாந்தில் முதலாண்டு: பல்கலைக்கழகத்தின் கேலிக் கால்பந்து அணியில் சேர்வது எப்படி?

கேள்வி இதுதான்: "செப்டம்பரில் அயர்லாந்தில் இளநிலைப் படிப்பு தொடங்குகிறேன். பள்ளியில் கால்பந்தும் கூடைப்பந்தும் ஆடியிருக்கிறேன். கேலிக் கால்பந்தை, கையாலும் காலாலும் ஆடும் அந்த ஐரிஷ் ஆட்டத்தை, வீடியோவில் பார்த்ததோடு சரி. பல்கலைக்கழக அணியில் சேர முடியுமா? எப்படித் தயாராவது?"

முடியும். ஆனால் கிளப்பில் சேர்வது வேறு, அணிக்குள் நுழைவது வேறு. முதலாவது ஐந்து நிமிட வேலை. இரண்டாவதற்கு ஒரு பருவம் பிடிக்கலாம், ஒரு வருடமும் ஆகலாம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் டிரையல் (தேர்வு ஆட்டம்) முடிந்த மறுவாரமே பூட்ஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள்.

முதலில் 'அணி' என்றால் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பெரிய ஐரிஷ் பல்கலைக்கழகத்தில் ஆண்களுக்கே நாலைந்து கேலிக் கால்பந்து அணிகள் இருக்கும். உச்சியில் இருப்பது சிகர்சன் கோப்பைக்கு ஆடும் அணி. 1911இல் தொடங்கிய போட்டி இது. கோப்பையைக் கொடுத்த பேராசிரியர் ஜார்ஜ் சிகர்சனின் பெயரால் வழங்குகிறது. இதில் ஆடுகிறவர்களில் பலர் தங்கள் கவுண்டிக்காக (அங்கே மாவட்டம் மாதிரி) டப்ளினின் பெரிய மைதானமான க்ரோக் பார்க்கில் ஆடியவர்கள், அல்லது ஆடப்போகிறவர்கள். கெர்ரி கவுண்டியின் நட்சத்திரம் டேவிட் கிளிஃபர்ட் 2022 சிகர்சனில் லிமெரிக் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். அதுதான் அங்கே தரம். அதற்கு அடுத்த படி டிரெஞ்ச் கோப்பை, அதற்கும் கீழே கார்ன் ந மாக் லேன். பெண்களுக்கு ஓ'கானர் கோப்பை, ஜைல்ஸ் கோப்பை, லின்ச் கோப்பை என்று இதே மாதிரிப் படிகள். இவற்றுக்குப் பக்கவாட்டில், முதலாண்டு மாணவர்களுக்கு மட்டுமான ஃப்ரெஷர்ஸ் போட்டிகள். இவை போக, பெரிய வளாகங்களில் இரண்டாம், மூன்றாம் அணிகளும், துறைகளுக்கோ விடுதிகளுக்கோ இடையிலான உள் லீக்குகளும் உண்டு.

இளநிலை முதலாண்டு என்பதால் உங்களுக்கு ஃப்ரெஷர்ஸ் வாசல் திறந்திருக்கிறது. ஒரு வருடப் பட்டமேற்படிப்புக்காக அயர்லாந்து போகிறவர்கள் இதைப் படித்தால் ஒன்றைக் கவனிக்கவும்: அந்த வளாகத்துக்கு நீங்கள் புதியவராக இருக்கலாம், ஆனால் ஃப்ரெஷர் கணக்கில் வரமாட்டீர்கள். உங்களுக்கு மற்ற அணிகள்தான்.

பந்தையே தொடாதவர் டப்ளினின் யு.சி.டி., டி.சி.யு., கார்க்கின் யு.சி.சி., லிமெரிக் போன்ற பெரிய பல்கலைக்கழகங்களில் முதல் ஃப்ரெஷர்ஸ் அணிக்குள் நுழைவது ஏறக்குறைய நடக்காத காரியம். அங்கே வரும் பையன்கள் ஆறு வயதிலிருந்து தங்கள் ஊர் கிளப்பில் ஆடியவர்கள். கவுண்டியின் மைனர் (இளையோர்) அணியில் ஆடியவர்களின் பெயர்கள் வகுப்பு தொடங்குமுன்பே பயிற்சியாளரின் கைப்பேசியில் இருக்கும். இரண்டாம் அணி, மூன்றாம் அணி, சிறிய கல்லூரிகள் எல்லாம் வேறு உலகம். அங்கே பயிற்சியாளரின் கவலை திறமை அல்ல, தலைக்கணக்கு. நவம்பர் மாதத்துப் புதன்கிழமை மதியம், மழை, இரண்டு மணிநேரப் பேருந்துப் பயணம். களத்தில் 15 பேர் வேண்டும், மாற்றுக்கு நாலைந்து பேராவது வேண்டும். பேருந்தில் ஏறியவர்கள் 17 பேர் என்றால் அந்தப் பதினேழாவது ஆள் இரண்டாம் பாதியில் களத்தில் இருப்பார். புதியவர்களுக்கு இடம் கிடைப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

காலக்கணக்கும் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. 2022 முதல் கேலிக் விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான ஜி.ஏ.ஏ. வருடத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறது: கவுண்டிப் போட்டிகள் ஜூலையோடு முடியும், அதன்பின் ஊர் கிளப்களின் சாம்பியன்ஷிப் நடக்கும். அதனால் நீங்கள் வளாகத்துக்குள் நுழையும் செப்டம்பர், அக்டோபரில் நல்ல ஆட்டக்காரர்களில் பலர் ஊர் கிளப்புக்குக் கட்டுப்பட்டவர்கள். சனி, ஞாயிறு ஆட்டம் இருக்கிறது என்று வாரநாள் பயிற்சிக்கு வராமல் நழுவுவார்கள், வந்தாலும் தொடைத்தசையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். அந்த வாரங்களில் ஒரு நாள்கூட விடாமல் வருகிறவரின் பெயர் பயிற்சியாளருக்கு மூன்றாம் வாரத்தில் மனப்பாடமாகிவிடும். ஃப்ரெஷர்ஸ் லீக்கும் சீனியர் லீக்கும் முதல் பருவத்தில் நடக்கும். டிசம்பர் தேர்வுகளுக்காக எல்லாம் அடங்கும். சிகர்சனும் மற்ற சாம்பியன்ஷிப்களும் கிறிஸ்துமஸுக்குப்பின், இரண்டாம் பருவத்தில். ஆகவே கிறிஸ்துமஸுக்குமுன் உங்கள் வேலை ஆட்டத்தைக் கற்பது, ஆட்கள் கண்ணில் படுவது. அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

சேரும் முறை எளிது. வரவேற்பு வாரத்தில் கிளப்கள் நாள் என்று ஒன்று நடக்கும், அரங்கு முழுக்க மேசைகள். ஜி.ஏ.ஏ. மேசையில் பெயர், மாணவர் எண், கைப்பேசி எண் கொடுத்து, உறுப்பினர் கட்டணம் கட்டினால் வாட்ஸாப் குழுவில் சேர்ப்பார்கள். கட்டணம் சிறிய தொகைதான். ஆண்கள் கால்பந்து, பெண்கள் கால்பந்து, மட்டையால் ஆடும் ஹர்லிங், அதன் பெண்கள் வடிவமான கமோகி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குழுக்கள் இருக்கும், சரியானதில் சேருங்கள். டிரையல் நேரம், மைதான மாற்றம், பேருந்துப் புறப்பாடு எல்லாம் அந்தக் குழுவில் மட்டும்தான் வரும். மின்னஞ்சலுக்குக் காத்திருந்தால் டிரையலே முடிந்துபோயிருக்கும். பிறகு 'ஃபோரன்' என்ற ஜி.ஏ.ஏ. பதிவுத் தளத்தில் உங்களைப் பதிவு செய்யச் சொல்வார்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். பதிவில்லாதவரை அதிகாரபூர்வ ஆட்டத்தில் இறக்கினால் அணிக்கே சிக்கல், எனவே மேலாளர் உங்களைப் பெஞ்சில்கூட உட்கார வைக்கமாட்டார். இதற்கு முன் எந்த ஊர் கிளப்பிலும் உறுப்பினர் இல்லை என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். பெரிய கல்லூரிகளில் ஜி.ஏ.ஏ.வுக்கென்றே ஒரு அலுவலர் இருப்பார், மற்ற இடங்களில் மாணவச் செயலாளர் பார்த்துக்கொள்வார். தேசம், மதம், பரம்பரை எதுவும் தடையில்லை. கவுண்டி நட்சத்திரம் உட்பட யாருக்கும் ஆடுவதற்குச் சம்பளமும் இல்லை.

காகித விஷயத்தில் இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற மாணவர்கள் குடிவரவுப் பதிவுக்காகத் தனியார் மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பீர்கள். அந்தப் பாலிசியில் உடல் மோதலுள்ள விளையாட்டுகளால் வரும் காயம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜி.ஏ.ஏ.வின் காய உதவி நிதி என்பது முழுக் காப்பீடு அல்ல. வேறெங்கும் கிடைக்காத செலவில் ஒரு பகுதியை, ஒரு வரம்புக்குள், அது ஈடுகட்டும். முழங்கால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தபிறகு பாலிசியைப் பிரித்துப் படிப்பதில் பயனில்லை.

இனி ஆட்டம். 15 பேர், பொதுவாக ஒரு மணிநேரம். களம் 130 முதல் 145 மீட்டர் நீளம், 80 முதல் 90 மீட்டர் அகலம். நீங்கள் பார்த்துப் பழகிய கால்பந்து மைதானத்தைவிட நீளத்தில் மட்டும் முப்பது நாற்பது மீட்டர் கூடுதல். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், 3 புள்ளி. குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் 1 புள்ளி. 2025 முதல் ஆண்கள் ஆட்டத்தில், கோலிலிருந்து 40 மீட்டர் தள்ளி வரைந்த வளைவுக்கு வெளியே நின்று உதைத்து மேலே அனுப்பினால் 2 புள்ளி.

புதியவர்களை மாட்டிவிடுவது நாலு விதிகள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலடிக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் தரையில் தட்ட வேண்டும், அல்லது காலால் தூக்கித் திரும்பக் கைக்கு எடுக்க வேண்டும், அதுதான் சோலோ. தொடர்ந்து இரண்டு முறை தரையில் தட்டக் கூடாது, சோலோவை எத்தனை முறையும் செய்யலாம். கூடைப்பந்து ஆடியவருக்கு நெருக்கடியில் கை தானாக இரண்டாம் முறை தட்டப் போகும். முதல் மாதம் முழுக்க ஊதல் இதற்காகத்தான். மூன்றாவது, பந்தை எறியக் கூடாது. ஒரு கையில் வைத்து இன்னொரு கையால், மூடிய முஷ்டியாலோ திறந்த கையாலோ, அடிப்பது நடுவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். நாலாவது, ஆண்கள் ஆட்டத்தில் தரையில் கிடக்கும் பந்தைக் கையால் நேராக எடுக்கக் கூடாது, காலை அடியில் கொடுத்துத் தூக்கித்தான் எடுக்க வேண்டும்.

2025இல் வந்த மாற்றங்களில் வீட்டிலேயே மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியவை சில. உங்கள் ஃபவுலுக்காக எதிரணிக்கு ஃப்ரீ (தடையில்லா உதை) கொடுக்கப்பட்டால் உங்கள் கையிலிருக்கும் பந்தை உடனே ஒழுங்காக ஒப்படைக்க வேண்டும். சலிப்பில் உருட்டிவிட்டாலோ, நடுவரிடம் முகம் சுளித்தாலோ ஃப்ரீ 50 மீட்டர் முன்னேறும். சாதாரண நடுக்கள ஃப்ரீ ஒரே நொடியில் எளிய புள்ளியாகிவிடும். இது புதியவர் தன் அணிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய நஷ்டம், அதுவும் திறமைக்குச் சம்பந்தமே இல்லாதது. ஃப்ரீ கிடைத்தவர் நிற்காமல் ஒரு சோலோ செய்துவிட்டு அப்படியே ஓடலாம், 4 மீட்டருக்கு அவரைத் தொடக் கூடாது. எனவே ஊதல் கேட்டதும் நீங்கள் நின்று மூச்சு வாங்கினால் அவர் உங்களைத் தாண்டிப் போயிருப்பார். ஒவ்வொரு அணியும் எப்போதும் குறைந்தது மூன்று பேரை எதிரணியின் பாதியில் வைத்திருக்க வேண்டும். ஆர்வத்தில் எல்லோரோடும் சேர்ந்து தடுக்க ஓடிவந்து அந்த எண்ணிக்கையைக் குலைத்துவிடாதீர்கள்.

பெண்கள் ஆட்டத்துக்குத் தனி அமைப்பு, 1974இல் தொடங்கியது, விதிப்புத்தகமும் தனி. மேலே சொன்ன 2025 விதிகளை அப்படியே பெண்கள் ஆட்டத்துக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். முக்கிய வேறுபாடுகள்: பந்து 4ஆம் அளவு, காலூன்றி நிற்கும்போது தரையிலிருந்து கையாலேயே எடுக்கலாம், வேண்டுமென்று தோளால் இடிப்பது ஃபவுல், மஞ்சள் அட்டை வாங்கினால் 10 நிமிடம் வெளியே. கூடைப்பந்து, வலைப்பந்து ஆடிய பெண்கள் இதில் ஒரே பருவத்தில் முன்னேறுவது அரிதல்ல. உடல் மோதல் குறைவு, கைவேலை அதிகம் என்பதுதான் காரணம்.

இனி கைப்பழக்கம். ஊரிலிருக்கும்போதே தொடங்கலாம். ஆண்கள் பந்து 480 முதல் 500 கிராம், சுற்றளவு 68 முதல் 70 செ.மீ. பார்க்க வாலிபால் மாதிரி இருக்கும், ஆனால் வாலிபாலில் பழகாதீர்கள்; அது இதன் எடையில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சாதாரண 5ஆம் அளவுக் கால்பந்தின் சுற்றளவு இதே அளவு, எடை மட்டும் கொஞ்சம் குறைவு. அதுவே போதும்.

முதலில் ஹேண்ட்பாஸ், அதாவது கையால் அடித்துக் கொடுக்கும் பாஸ், ஏனென்றால் ஆட்டத்தில் நீங்கள் அதிகம் செய்யப்போவது அதுதான். சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நின்று வலக்கையால் 50, இடக்கையால் 50, தினமும். பந்து வைத்திருக்கும் கையை ஆட்டக் கூடாது, அடிக்கும் கைதான் நகர வேண்டும். பந்துள்ள கையையும் சேர்த்து வீசினால் எறிவதுபோல் தெரிந்து நடுவர் ஊதுவார். பந்து மேலெழும்பி மிதந்து போனால் நீங்கள் அதன் அடியில் அடிக்கிறீர்கள் என்று பொருள். பின்புறத்தின் நடுவில் கட்டைவிரல் பக்கத்து முஷ்டியால் அடித்தால் மார்பு உயரத்தில் நேராகப் போகும்.

சோலோதான் எல்லோரையும் படுத்துவது. கால்பந்து ஆடியவர் இது எளிது என்று நினைப்பார், ஆனால் அவருடைய காலே எதிரி. பந்தை உதைக்கும் பழக்கத்தில் நுனிக்கால் கீழ்நோக்கி நீளும், பந்து இரண்டு மீட்டர் முன்னால் பறந்துவிடும். நுனிக்காலை முழங்காலை நோக்கி மேலே மடக்கிப் பிடியுங்கள். வலக்காலுக்கு வலக்கையிலிருந்து, இடுப்புக்குக் கீழான உயரத்திலிருந்து, பந்தை மேலே வீசாமல் சும்மா விடுங்கள். விரல்களின் மேல் விழும்போது லேசாக மேலே இழுத்தால் பந்து பின்னோக்கிச் சுழன்று கைக்கு வரும். முதலில் நின்றபடி, பிறகு நடந்து, பிறகு மெதுவாக ஓடி. வேகத்தை மூன்றாம் வாரத்துக்குமுன் கூட்ட வேண்டாம். இடக்காலை விட்டுவிடாதீர்கள். ஒரு காலால் மட்டும் சோலோ செய்கிறவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று தடுக்க நிற்பவருக்கு ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும், பிறகு அந்தப் பக்கத்தை அடைத்துவிடுவார்.

தரையில் தட்டுவது உலர்ந்த மைதானத்தில் வசதி. அக்டோபருக்குப்பின் அங்கே உலர்ந்த மைதானம் கிடைப்பது அதிர்ஷ்டம். ஈரப்புல்லில் பந்து எழும்பாமல் வழுக்கி ஓடும், சேற்றில் அப்படியே செத்துவிழும். ஆகவே குளிர்காலத்தில் சோலோ செய்யுங்கள், அல்லது இரண்டாம் அடியிலேயே பாஸ் கொடுத்துவிடுங்கள். புதியவருக்கு இரண்டாவதுதான் நல்லது. பந்தை வாங்கி உடனே கொடுத்துவிட்டு ஓடுகிறவரைப் பயிற்சியாளர்கள் விரும்புவார்கள். பத்து மீட்டர் சோலோ ஓடிப் பந்தை இழக்கிறவரை அல்ல.

தரைப்பந்தை எடுப்பதற்கு உடல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில், முழங்கால் மடிந்து, தலை பந்துக்கு நேர்மேலே. கைகள் இரண்டும் பந்துக்கு முன்னால் தயாராக இருக்க, மற்றக் காலின் நுனியை அடியில் செருகிக் கைக்குத் தூக்க வேண்டும். நேருக்கு நேர் ஓடி வந்து குனிந்தால் கை முந்திக்கொண்டு பந்தைத் தரையில் தொட்டுவிடும், ஃபவுல். எதிரில் வருகிறவரின் முழங்காலுக்கு உங்கள் தலையும் இலக்காகும். பக்கவாட்டில் குனியச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

உயரப் பந்தைப் பிடிப்பதில் கிரிக்கெட் பழக்கம் பாதி உதவும், பாதி கெடுக்கும். பந்தின் போக்கைக் கணிக்கும் கண் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும். ஆனால் மார்புக்கு நேரே கையேந்திக் காத்திருந்தால் பக்கத்தில் எழும்புகிறவர் உங்கள் தலைக்குமேல் அதைப் பறித்துவிடுவார். ஒற்றைக் காலில் எழும்பி, கைகளைத் தலைக்குமேல் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, இரண்டு கட்டைவிரல்களும் பந்தின் பின்புறம் நெருங்கியிருக்குமாறு பிடிக்க வேண்டும். பிடித்ததும் மார்போடு இறுக்கிக்கொண்டு தரையிறங்குங்கள். கீழே நாலு கைகள் காத்திருக்கும். கிக்அவுட்டை, அதாவது கோல்கீப்பர் உதைத்து ஆட்டத்தைத் தொடரும் பந்தை, நடுக்களத்தில் இப்படிச் சுத்தமாகப் பிடித்தால் மார்க் கிடைக்கும், தடையின்றி ஃப்ரீ எடுக்கலாம்.

தடுப்பாட்டம்தான் புதியவருக்கு உண்மையான கடவுச்சீட்டு. உதைத்துப் புள்ளி எடுக்கும் கலைக்குப் பத்து வருடம் வேண்டும், ஒழுங்காகத் தடுக்கப் பத்து வாரம் போதும். ஒரு கையால், திறந்த கையால், பந்தை மட்டும் தட்டலாம். தோளோடு தோள் மோதலாம், ஆனால் ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும். சட்டையைப் பிடிப்பது, கையைக் கட்டுவது, பின்னாலிருந்து தள்ளுவது, இரண்டு கையாலும் அணைப்பது எல்லாம் ஃபவுல். வேண்டுமென்றே இழுத்துத் தள்ளினால் கறுப்பு அட்டை, 10 நிமிடம் வெளியே. எப்போது கையை நீட்டுவது என்பதே சூட்சுமம். பந்து அவர் கையில் இருக்கும்வரை காத்திருங்கள். சோலோவுக்காகவோ தட்டுவதற்காகவோ பந்து கையைவிட்டு நீங்கும் அந்த அரை நொடியில், அவருக்கு அருகிலுள்ள உங்கள் கையால் தட்டுங்கள். தூரத்துக் கையை நீட்டினால் உங்கள் உடம்பு திரும்பி அவர்மேல் விழும். கை வேண்டாம், கால்களை மட்டும் வைத்து ஒருவரைக் கோட்டோரத்துக்கு ஓட்டிக்கொண்டு போகும் பயிற்சியை ஒரு நண்பரோடு வாரம் மூன்று முறை செய்யுங்கள். கபடி ஆடியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பிடிக்கும் அனிச்சைச் செயலை முதலில் மறக்க வேண்டும்.

எனவே டிரையல் படிவத்தில் எந்த இடம் என்று கேட்டால் கார்னர் பேக் அல்லது விங் பேக் என்று எழுதுங்கள், அதாவது தடுப்பு வரிசைகளின் ஓர இடங்களான 2, 4, 5, 7 எண்கள். இங்கே வேலை தெளிவானது: ஒரு ஆள், அவருக்குப் பந்து போகாமல் பார்த்துக்கொள், போனால் திரும்பவிடாதே. நடுக்களமான 8, 9 வேண்டாம், அங்கே ஆட்டத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். முன்வரிசையான 13, 14, 15 எல்லோரும் கேட்கும் இடம். கால்பந்தில் கோல்கீப்பராக இருந்தவர் என்றால் 1ஆம் எண்ணை யோசிக்கலாம், ஆனால் இன்றைய கிக்அவுட் 40 மீட்டர் வளைவைத் தாண்டியாக வேண்டும். தரையிலிருந்து அவ்வளவு தூரம், சொன்ன ஆளிடம் போகும்படி உதைக்க முடியுமா என்று முதலில் சோதித்துப் பாருங்கள்.

டிரையலில் பெரும்பாலும் சிறு களத்தில் ஆறுக்கு ஆறு, எட்டுக்கு எட்டு என்று ஆடவிடுவார்கள், பிறகு ஒரு முழு ஆட்டம். எத்தனை பேர் வந்தாலும் கவனிக்கிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான். உங்களுக்குக் கிடைப்பது இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுபவமில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, மறைத்தால் முதல் பந்திலேயே தெரிந்துவிடும். அவர்கள் புதியவரிடம் பார்ப்பது: பந்து இழந்ததும் திரும்பி ஓடுகிறாரா, சொன்ன திருத்தத்தை அடுத்த முறை செய்கிறாரா, வாய் திறந்து பந்து கேட்கிறாரா. கடைசியதில் நம்மவர்கள் தோற்கிறார்கள். அங்கே களத்தில் பேசாமல் இருப்பது அடக்கமாக எடுத்துக்கொள்ளப்படாது, ஆள் ஆட்டத்தில் இல்லை என்றுதான் நினைப்பார்கள். சக ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லிக் கத்துங்கள். கிராமத்து உச்சரிப்பில் வேகமாக வரும் கட்டளை புரியவில்லை என்றால் மறுபடி கேளுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

உடல் தயாரிப்பு என்றால் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுவது மட்டும் போதாது. ஆட்டம் முழுக்க வேகமாக ஓடி, நின்று, திரும்பி, மறுபடி ஓடுவது. 'பிராங்கோ' என்றொரு சோதனை பல அணிகளில் வைப்பார்கள்: 20 மீட்டர் போய்த் திரும்பு, 40 போய்த் திரும்பு, 60 போய்த் திரும்பு, இதை நிற்காமல் ஐந்து முறை, மொத்தம் 1,200 மீட்டர். ஐந்து நிமிடத்தை ஒட்டி முடித்தால் கீழ்நிலை அணிகளில் தாராளமாகத் தாக்குப்பிடிக்கலாம். ஜூலையிலிருந்து வாரம் இரண்டு நாள் இப்படிப்பட்ட ஓட்டம், இரண்டு நாள் தொடை, இடுப்புக்கான வலுப்பயிற்சி போதும். தொடையின் பின்தசை கிழிவதுதான் கேலிக் கால்பந்தில் அதிகம் வரும் காயம். கோடை முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு 8 டிகிரிக் குளிரில், மாலை ஏழு மணிக்கு, முழு வேகத்தில் ஓடினால் அது வரத்தான் செய்யும். பயிற்சிக்குமுன் கால் மணிநேர வார்ம்-அப்புக்கு நேரத்தோடு போய்ச் சேருங்கள். பஸ் தாமதமானால் தனியாகவாவது அதை முடித்துவிட்டு உள்ளே இறங்குங்கள். தலையில் அடிபட்டு மயக்கமோ குழப்பமோ வந்தால் அன்று ஆட்டம் முடிந்தது, மருத்துவர் சொல்லும்வரை திரும்பக் கூடாது. "ஒன்றுமில்லை, ஆடுகிறேன்" என்பது வீரம் அல்ல.

வாங்க வேண்டியவை குறைவு. பல்கவசம் கட்டாயம், பயிற்சிக்கும் சேர்த்துத்தான். இல்லாமல் நடுவர் ஆடவிடமாட்டார், பல் உடைந்தால் காய நிதியிலும் கேட்க முடியாது. வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் மலிவு வகை போதும், ஆனால் டிரையலுக்கு முந்தைய இரவே அச்செடுத்து ஒரு மணிநேரம் அதோடு பேசிப் பழகுங்கள், இல்லையென்றால் குமட்டும். பூட்ஸில் ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால் வார்ப்பு ஸ்டட் (அடியோடு சேர்த்து வார்த்த குமிழ்கள்) உள்ளதை வாங்குங்கள். குளிர்காலப் பயிற்சி பெரும்பாலும் விளக்கொளியில் செயற்கைத் தரையில் நடக்கும், அங்கே திருகும் உலோக ஸ்டட்டுக்கு அனுமதியில்லை. சேற்று ஆட்டங்களுக்கு உலோக ஸ்டட் ஜோடியைப் பிறகு பழையதாக வாங்கலாம். கையுறை அணிவது விருப்பம். ஈரப்பந்தில் உதவும், ஆனால் ரப்பர் உள்ளங்கை சேறாகிவிட்டால் வெறும் கையைவிட மோசம், அதனால் பையில் ஒரு துண்டு வையுங்கள். ஜெர்சி அணி தரும், ஷார்ட்ஸும் சாக்ஸும் பெரும்பாலும் உங்கள் செலவு. ஆட்டம் முடிந்ததும் மாற்ற உலர்ந்த உடை, உள்ளாடை உட்பட, கட்டாயம். நனைந்த உடம்போடு இரண்டு மணிநேரப் பேருந்து நரகம்.

நேரக் கணக்கு. கல்லூரிப் பயிற்சியும் ஆட்டங்களும் வாரநாட்களில்தான், ஏனென்றால் வார இறுதி ஊர் கிளப்புக்குச் சொந்தம். வெள்ளி மதியம் பாதி விடுதி காலியாகிவிடும். பகுதிநேர வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. மாணவர் விசாவில் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணிநேரம்தான் வேலை செய்யலாம், அதைச் சனி, ஞாயிறுக்குத் தள்ளிவிட்டால் பயிற்சியோடு மோதாது. மோதப் போவது ஆய்வகமும் டுடோரியலும். புதன் மதிய ஆட்டத்துக்காக வருகைப் பதிவு கட்டாயமான வகுப்பை விட வேண்டியிருந்தால் முன்பே ஆசிரியருக்கு எழுதுங்கள். செவிலியர், மருத்துவம் படிக்கிறவர்கள் மருத்துவமனைப் பயிற்சி அட்டவணையைப் பார்த்துவிட்டு மேலாளரிடம் வர முடியாத வாரங்களை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வராதவரை இரண்டு முறைக்குமேல் அழைக்கமாட்டார்கள்.

அயர்லாந்திலேயே வளர்ந்து ஊர் கிளப்பில் ஆடிவிட்டுக் கல்லூரிக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பிரச்சினை நேர்மாறானது. கிளப், கல்லூரி, கவுண்டி இளையோர் அணி என்று மூன்று பயிற்சியாளர்கள், மூவருக்கும் மற்ற இருவர் என்ன செய்கிறார்கள் என்று தெரியாது. வாரத்தில் எத்தனை முறை கடுமையாக ஓடினீர்கள் என்று நீங்களே எழுதி வைத்து, மூவருக்கும் அதையே அனுப்புங்கள். இடுப்புக்கவட்டு வலி தொடங்கினால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

டிரையலுக்குப்பின் பட்டியலில் பெயர் இல்லையா? குழுவிலிருந்து வெளியேறாதீர்கள். மேலாளருக்கு ஒரு வரி அனுப்புங்கள்: பயிற்சிக்குத் தொடர்ந்து வரலாமா, இரண்டாம் அணிக்கு ஆள் வேண்டுமா. உள் லீக்கில் பெயர் கொடுங்கள், அங்கே யாரும் தேர்வு வைப்பதில்லை. வளாகத்துக்கு அருகிலுள்ள ஊர் கிளப்பையும் கேளுங்கள். டப்ளின் போன்ற இடங்களில் ஜூனியர் பிரிவு (வயதைக் குறிப்பதல்ல, தரத்தைக் குறிப்பது) பல படிகளாகக் கீழே இறங்குகிறது. கடைசிப் படிகளில் நாற்பது வயதுக்காரர்களும் புதியவர்களும் ஒன்றாக ஆடுகிறார்கள், ஒரு மாலையில் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் மறுபடி மேலாளருக்கு எழுதுங்கள். டிசம்பர் தேர்வுக்குப்பின் காயம், மதிப்பெண், சலிப்பு என்று சிலர் கழன்றிருப்பார்கள். சிகர்சன், டிரெஞ்ச் அணிகளுக்கு நல்லவர்களை மேலே எடுத்திருப்பார்கள். கீழணிகளில் அப்போதுதான் ஆள் தட்டுப்பாடு, அவர்களே உங்கள் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கலாம்.